தலைப்பு வேற, விஷயம் வேற

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். ரிலீஸ் தேதி நெருங்க நெருங்க நம்ம டேமேஜர் முகத்துல தெரியற கலவரத்தைப் பார்த்தா, எழுதற ஆசையே ஓடிப் போயிடும். ஆனா இன்னைக்கு எழுதியே ஆகணும். காரணம், நான் இன்னும் எழுதி முடிக்காத ஒரு கட்டுரை.

காலேஜ்ல எனக்கு ரெண்டு வருஷம் சீனியர் ஒருத்தர். இப்ப ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு சின்னப் பத்திரிகை நடத்தறார். கைக்காசு போட்டு, சில நூறு பிரதி அச்சடிச்சு, பாதியை இலவசமா கொடுக்கற வகை. "டேய், எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுடா. மாசக் கடைசிக்குள்ள கொடுத்துடு"ன்னு போன்ல சொன்னார்.

எதைப் பத்தி வேணும்னாலும்! இதைவிடக் கொடுமையான நிபந்தனை உலகத்துலயே கிடையாது. ஓட்டல்ல "என்ன இருக்கு?"ன்னு கேட்டா, சர்வர் மூச்சு விடாம முப்பது ஐட்டம் ஒப்பிப்பார். எல்லாத்தையும் கேட்டுட்டுக் கடைசியில நாம "ஒரு தோசை"ம்போம். அதே கதைதான். ஒரு வாரம் மண்டையைப் பிச்சுக்கிட்டு மூணு தலைப்பு அனுப்பினேன். ஒண்ணு, தண்ணீர்ப் பஞ்சம். ரெண்டு, செயற்கை நுண்ணறிவும் நம்ம வேலையும். மூணு, 2015 சென்னை வெள்ளம்.

அரை மணி நேரத்துல போன் வந்தது. "தம்பி, இது மூணும் தலைப்பு. விஷயம் எங்கடா?"

சுருக்குன்னு இருந்தது. தலைப்பு வேற, விஷயம் வேறயான்னு கோபம் கூட வந்தது. அப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சப்ப ஜான் ஹெர்ஸி ஞாபகத்துக்கு வந்தார். அவர் கதையைச் சொன்னா அண்ணா கேட்ட கேள்வி உங்களுக்கும் புரியும்.

1945 ஆகஸ்ட் 6. காலை எட்டேகால். ஹிரோஷிமா மேல அணுகுண்டு விழுந்தது. மூணு நாள் கழிச்சு நாகசாகி. இது நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடப் பாடத்துலயே தெரியும். அன்னைக்கு அமெரிக்காவுல இருந்தவங்களுக்கும் நல்லாவே தெரியும். செய்தித்தாள் முழுக்க அதுதான். காளான் மேகத்தோட போட்டோ, குண்டோட சக்தி எத்தனை டன் வெடிமருந்துக்குச் சமம், எத்தனை சதுர மைல் தரைமட்டம் ஆச்சு, இதை உருவாக்கின விஞ்ஞானிகள் யார் யார்... எழுதித் தள்ளிட்டாங்க.

அதாவது, அந்த வருஷத்துலயே மிக அதிகமா எழுதப்பட்ட தலைப்புகள்ல ஒண்ணு. ஆனா அந்தக் குண்டு விழுந்த இடத்துல நின்னுக்கிட்டு இருந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுங்கறது மட்டும் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது.

தெரியாம இருந்ததுக்குக் காரணம் உண்டு. வில்ஃப்ரெட் பர்செட்னு ஒரு ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் தனியா ரயில் ஏறி ஹிரோஷிமா போய்ப் பார்த்துட்டு, காயமே இல்லாதவங்க கூட விளங்காத ஒரு நோயால செத்துக்கிட்டு இருக்காங்கன்னு எழுதினார். அது 1945 செப்டம்பர் 5 அன்னைக்கு லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்'ல வந்தது. அமெரிக்க அதிகாரிகள் மறுத்தாங்க. அந்த மாசமே ஜப்பானியப் பத்திரிகைகளுக்கு ஆக்கிரமிப்பு ராணுவம் தணிக்கை விதிகள் கொண்டு வந்தது. அணுகுண்டுத் திட்டத்தோட தலைவர் ஜெனரல் லெஸ்லி க்ரோவ்ஸ் நவம்பர்ல செனட் குழு முன்னாடி உட்கார்ந்து, கதிர்வீச்சால சாகறது ரொம்ப இதமான சாவுன்னு டாக்டர்கள் சொல்றாங்கன்னு சாட்சியே சொன்னார். இதமான சாவாம்!

இந்த நிலைமையில, 1945 கடைசியில ரெண்டு பேர் நியூயார்க்ல மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாங்க. ஒருத்தர் 'நியூ யார்க்கர்' பத்திரிகையோட நிர்வாக ஆசிரியர் வில்லியம் ஷான். இன்னொருத்தர் ஹெர்ஸி. அப்ப அவருக்கு வயசு 31. சீனாவுல மிஷனரி குடும்பத்துல பிறந்தவர். போர்முனை நிருபர். அந்த வருஷம்தான் நாவலுக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியிருந்தார். சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய் என்னென்ன எழுதலாம்னு பட்டியல் போட்டாங்க. அதுல ஹிரோஷிமாவும் ஒண்ணு.

முதல்ல பேசினது குண்டோட நாச சக்தியைப் பத்தி, அது ஒரு நகரத்தை என்ன பண்ணிச்சுங்கறதைப் பத்தித்தான். அதாவது மத்தவங்க எழுதின அதே தலைப்பு. அப்புறம்தான் கட்டிடங்களை விட்டுட்டு மனுஷங்களை எழுதணுங்கற எண்ணம் வந்திருக்கு. சரி, மனுஷங்கன்னா எத்தனை பேர்? அந்த வருஷம் முடியறதுக்குள்ள ஹிரோஷிமாவுல மட்டும் இறந்தவங்க சுமார் 1,40,000 பேர்ங்கறது அந்த நகராட்சியோட கணக்கு. அத்தனை பேரை எந்தக் கட்டுரையில அடக்கறது?

1946 ஆரம்பத்துல சீனா போனார் ஹெர்ஸி. மாசங்கள் ஓடினதும், இந்த ஹிரோஷிமா மேட்டர் இன்னும் செல்லுபடி ஆகுமான்னு சந்தேகம் வந்திருக்கு. நமக்கும் வருமே, "இதை எல்லாரும் எழுதிட்டாங்களே, இனிமே என்ன இருக்கு?"ன்னு. நாள் ஆக ஆகத்தான் இந்தக் கட்டுரைக்கு மதிப்பு கூடுது, முதலாண்டு நிறைவுக்குக் கொண்டு வரலாம்ங்கற ரீதியில ஷான்கிட்டேயிருந்து தந்தி வந்தது. நல்ல ஆசிரியர் கிடைக்கறதும் ஒரு கொடுப்பினைதான்.

இதுக்கு நடுவுல நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச இடம். சீனாவுல கப்பல்ல போகும்போது ஹெர்ஸிக்குக் காய்ச்சல். படுத்த படுக்கை. கப்பல் லைப்ரரியில இருந்து படிக்கறதுக்குப் புத்தகங்கள் கொண்டு வந்து கொடுத்தாங்க. அதுல ஒண்ணு தோர்ன்டன் வைல்டர் 1927ல எழுதின 'தி பிரிட்ஜ் ஆஃப் சான் லூயி ரே'ங்கற நாவல். 1714ல பெரு நாட்டுல ஒரு தொங்கு பாலம் அறுந்து விழுது. அஞ்சு பேர் சாகறாங்க. இந்த அஞ்சு பேர் ஏன் அந்த நேரத்துல அந்தப் பாலத்து மேல இருந்தாங்கன்னு ஒரு பாதிரியார் ஒவ்வொருத்தரோட வாழ்க்கையையும் தேடிப் போறார். கதை அவ்வளவுதான்.

காய்ச்சல்ல படுத்துக்கிட்டே ஹெர்ஸி தன்னோட கட்டுரையைப் பிடிச்சுட்டார். நகரம் முழுக்க வேண்டாம். ஒருத்தரோட ஒருத்தர் பாதை குறுக்கிடற மாதிரி நாலைஞ்சு பேர் போதும். ஒரே நிமிஷத்துல எல்லாரும் வந்து மாட்டிக்கிட்ட இடம்தான் பாலம்.

1946 மே மாசம் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். ஹிரோஷிமாவுல இருந்த ஜெர்மன் ஜேசு சபைப் பாதிரியார்களோட அனுபவ அறிக்கை ஒண்ணு ஏற்கனவே அவர் கண்ணுல பட்டிருந்தது. அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு ஃபாதர் வில்ஹெல்ம் க்ளைன்சோர்கேவைப் பார்த்தார். அவர் மூலமா மெதடிஸ்ட் சபைப் போதகர் கியோஷி தனிமோடோ. தனிமோடோ அமெரிக்காவுல அட்லான்டாவுல படிச்சவர், நல்லா இங்கிலீஷ் பேசுவார். இப்படி ஒருத்தர் கையைப் பிடிச்சு இன்னொருத்தர்னு சில டஜன் பேர்கிட்ட பேசி, அதுல இருந்து ஆறு பேரை எடுத்தார்.

அந்த ஆறு பேர்: பாதிரியார், போதகர், ரெண்டு டாக்டர்கள், ஒரு தகரத் தொழிற்சாலையில குமாஸ்தாவா இருந்த இளம்பெண், மூணு குழந்தைகளோட ஒரு தையல்காரரோட விதவை.

கட்டுரை எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க. மேகம் இல்லை, விமானம் இல்லை, விஞ்ஞானி இல்லை. காலை எட்டேகாலுக்கு இந்த ஆறு பேரும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கங்கறதுதான் ஆரம்பம். குமாஸ்தா டோஷிகோ சசாகி ஆபீஸ்ல தன் இடத்துல உட்கார்ந்து, பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்ட பேசறதுக்காகத் தலையைத் திருப்பறார். டாக்டர் மசகாசு ஃபுஜி தன்னோட சொந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல பேப்பர் படிக்க உட்கார்றார். செஞ்சிலுவை ஆஸ்பத்திரியில டாக்டர் டெருஃபுமி சசாகி பரிசோதனைக்கான ரத்த மாதிரியைக் கையில வச்சுக்கிட்டு வராந்தாவுல நடக்கறார். பாதிரியார் கட்டில்ல சாய்ஞ்சு பத்திரிகை படிக்கறார். போதகர் ஊருக்கு வெளியே ஒரு வீட்டு வாசல்ல கைவண்டியில இருந்து சாமான் இறக்கப் போறார். விதவை ஹட்சுயோ நகமுரா சமையலறை ஜன்னல் வழியா, பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டைத் தானே இடிக்கறதைப் பார்த்துக்கிட்டு நிக்கறார். குண்டு வீச்சுல தீ பரவாம இருக்கறதுக்காகத் தெருவை அகலப்படுத்தச் சொல்லி அரசாங்க உத்தரவு, அதுக்காக இடிக்கறார்.

இதுல எது நமக்குத் தெரியாத காரியம்? பேப்பர் படிக்கறது, பக்கத்து சீட்ல பேசறது, ஜன்னல்ல வேடிக்கை பார்க்கறது. நாமளும் தினமும் எட்டேகாலுக்கு அதைத்தான் பண்றோம். அங்கதான் படிக்கறவன் மாட்டிக்கறான்.

ஹட்சுயோ நகமுராவைப் பத்தி மட்டும் கொஞ்சம் சொல்லணும். புருஷன் போர்ல செத்துப் போயிட்டார். அவர் விட்டுட்டுப் போன தையல் மெஷின்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டுது. குண்டு விழுந்ததும் இடிபாட்டைத் தோண்டிக் குழந்தைகளை வெளியே எடுத்தார். நெருப்பு வருது, தூக்கிக்கிட்டு ஓட முடியாது. அந்த மெஷினை வீட்டு முன்னாடி இருந்த சிமெண்ட் தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கிட்டுப் போறார். அப்புறம் துருப்பிடிச்ச அதை மீட்டு எடுக்கறார். பின்னாடி உடம்பு முடியாமப் போய், வைத்தியச் செலவுக்காக அதையே விக்க வேண்டி வருது. அணுகுண்டு பத்தி ஆயிரம் பக்கம் படிச்சது மறந்து போகும். இந்தத் தையல் மெஷின் மறக்காது. இதைத்தான் விஷயம்னு அண்ணா சொன்னார்னு இப்பப் புரியுது.

ஜப்பான்ல உட்கார்ந்து எழுதினா தணிக்கையில மாட்டும்னு, ஹெர்ஸி குறிப்புகளோட நியூயார்க் திரும்பி வந்துதான் எழுதினார். சுமார் 30,000 வார்த்தை. நாலு வாரம் தொடரா போடறதாத்தான் திட்டம். ஷான் வேற மாதிரி யோசிச்சார். துண்டு போட்டா வேகம் போயிடும், ஒவ்வொரு வாரமும் முன்கதைச் சுருக்கம் போடணும். ஒரே இதழ்ல மொத்தத்தையும் போடலாம், வேற எந்தக் கட்டுரையும் வேண்டாம்னார்.

ஆசிரியர் ஹரால்ட் ராஸ் தயங்கினார். அவர் 1925ல ஆரம்பிச்ச 'நியூ யார்க்கர்' அடிப்படையில கார்ட்டூனும் கிண்டலுமா வந்த பத்திரிகை. வாசகன் சிரிக்கலாம்னு திறந்தா உள்ள முழுக்கப் பிணம்னா என்ன ஆகும்? பல நாள் யோசிச்சுட்டு, தன்னோட முதல் இதழையே எடுத்துப் பார்த்தாராம். இந்தப் பத்திரிகை ஒரு தீவிரமான நோக்கத்தோட ஆரம்பிக்குதுன்னு அதுல அவங்களே எழுதி வச்சிருந்தாங்க. அதைப் படிச்சதும் சரின்னுட்டார். அப்புறம் ஹெர்ஸியைக் கேள்வி கேட்டே துளைச்சு எடுத்தார். இந்த ஆளுக்கு இது அந்த நேரத்துல எப்படித் தெரியும், இது எத்தனை மணிக்குன்னு பக்கம் பக்கமா. நம்ம கோட் ரிவ்யூவெல்லாம் அதுக்கு முன்னாடி ஜுஜுபி. இதெல்லாம் நடந்தது அலுவலகத்துல இருந்த பெரும்பாலானவங்களுக்கே தெரியாது. அவங்க பாட்டுக்கு வழக்கமான இதழுக்கு வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஒரு விஷயம் ரொம்பப் பின்னாடிதான் வெளியே வந்தது. 2020ல லெஸ்லி ப்ளூம் எழுதின 'ஃபால்அவுட்' புத்தகத்துல இருக்கு. அச்சுக்குப் போகறதுக்கு முன்னாடி கட்டுரையை ராணுவத் தரப்புக்குக் காட்டியிருக்காங்க. பார்த்தவர் யார் தெரியுமா? அந்த "இதமான சாவு" க்ரோவ்ஸேதான். சின்னச் சின்ன மாற்றத்தோட விட்டுட்டார். அணு ரகசியம் ஏதாவது இருக்கான்னு தேடியிருப்பார், தையல் மெஷின் எல்லாம் அவர் கண்ணுக்கு ஆபத்தாத் தெரிஞ்சிருக்காதுங்கறது என்னோட ஊகம்.

1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட இதழ். அட்டையில ஒரு பூங்காவுல ஜனங்க ஜாலியா கோடையை அனுபவிக்கற படம். உள்ளே ஹிரோஷிமா. விலை 15 சென்ட். கடைகள்ல சில மணி நேரத்துல தீர்ந்து போச்சு. ஐன்ஸ்டைன் ஆயிரம் பிரதி கேட்டார். ஏ.பி.சி. வானொலி நாலு ராத்திரி விளம்பரம் இல்லாம முழுக் கட்டுரையையும் வாசிச்சது. போர்த்துறைச் செயலாளரா இருந்த ஹென்றி ஸ்டிம்சன், குண்டு போட முடிவெடுத்தது ஏன்னு விளக்கி 1947 பிப்ரவரி 'ஹார்ப்பர்ஸ்' இதழ்ல கட்டுரை எழுதினார். ஆறு சாதாரண ஆட்களோட கதைக்கு ஒரு அரசாங்கத்தோட தரப்பு பதில் சொல்ல வேண்டி வந்தது. ஜப்பானிய மொழியில புத்தகமா வந்தது 1949லதான். மொழிபெயர்ப்புல தனிமோடோவுக்கும் பங்கு உண்டு.

எல்லாரும் கொண்டாடினாங்கன்னு நினைக்காதீங்க. எழுத்தாளர் மேரி மெக்கார்த்தி கடுமையாத் தாக்கினார். இந்தக் குண்டுக்கு நியாயம் செய்யணும்னா ஹெர்ஸி செத்தவங்களைத்தான் பேட்டி எடுத்திருக்கணும்ங்கறது அவர் வாதம். பிழைச்சவங்க கதையைச் சொன்னா, இதுவும் ஒரு பூகம்பம், வெள்ளம் மாதிரி பிழைச்சு வரக்கூடிய விபத்து ஆயிடுதுன்னார். யோசிச்சா அதுவும் நியாயம்தான். இன்னொண்ணும் இருக்கு. ஆறு பேர்ல ரெண்டு பேர் கிறிஸ்தவ ஊழியர்கள், ரெண்டு பேர் டாக்டர்கள். பாதிரியார் வழியாப் போனதால பாதிரியார் காட்டின ஆட்கள். ஹிரோஷிமாவுல கட்டாய வேலைக்குக் கொண்டு வரப்பட்ட கொரியர்களும் ஆயிரக்கணக்குல செத்தாங்க. அந்தக் கட்டுரையோட ஆறு பேர்ல ஒரு கொரியர் கிடையாது. ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுக்கறது, மத்ததை விட்டுத் தள்ளறதும்தான். அந்தப் பாவம் எழுதறவன் தலையில.

ஹெர்ஸி அதை உணர்ந்திருந்தாரான்னு தெரியாது. ஆனா அந்த ஆறு பேரை மட்டும் அவர் விடல. 1985ல, நாற்பது வருஷம் கழிச்சுத் திரும்ப ஹிரோஷிமா போய், ஒவ்வொருத்தருக்கும் அப்புறம் என்ன ஆச்சுன்னு அதே பத்திரிகையில எழுதினார். கால் நசுங்கின குமாஸ்தாப் பொண்ணு கன்னியாஸ்திரீ ஆகியிருந்தார். டாக்டர் ஃபுஜியும் ஃபாதர் க்ளைன்சோர்கேவும் இறந்து போயிருந்தாங்க. ஹட்சுயோ நகமுரா உயிரோட இருந்தார்.

சரி, என் கதைக்கு வர்றேன்.

2015 டிசம்பர் 1. நான் காலேஜ் படிச்சுக்கிட்டு இருந்தேன். சைதாப்பேட்டையில அடையாறு பக்கத்துல, மாடியில ஒரு ரூம். நாலு பசங்க. வெள்ளம்னு தலைப்பு அனுப்பினப்ப என் மனசுல இருந்தது செம்பரம்பாக்கம், கன அடி, மழை அளவு, யார் மேல தப்பு. எல்லாம் நெட்ல கிடைக்கற சமாச்சாரம். நான் எழுதித்தான் தெரியணும்னு ஒண்ணும் இல்லை.

ஹெர்ஸியை நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்த அந்த ராத்திரிதான், எங்க தெரு முனையில தள்ளுவண்டி வச்சு இஸ்திரி போடற அக்கா ஞாபகம் வந்தது. வெள்ளம் வந்தப்ப என்னோட மூணு சட்டை அவங்ககிட்ட இருந்தது. தண்ணி வடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு மாடி ஏறி வந்தாங்க. ரெண்டு சட்டையைத் துவைச்சு, தேய்ச்சுக் கொண்டு வந்திருந்தாங்க. "ஒண்ணு போயிடுச்சு தம்பி. காசைக் கழிச்சுக்கோ"ன்னாங்க. நானும் கழிச்சுக்கிட்டேன்! உங்க வீடு என்னக்கா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கல. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் கேட்கல.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். வண்டி அதே இடத்துலதான் நிக்குது. என்னை அவங்களுக்கு அடையாளம் தெரியல. மாடி ரூம் பசங்கன்னு சொன்னதும் சிரிச்சாங்க. வெள்ளத்தைப் பத்திக் கேட்டேன். தண்ணி எவ்வளவு வந்தது, எங்க தங்கினாங்க, இதெல்லாம் சொல்வாங்கன்னு எதிர்பார்த்தேன். அவங்க ஆரம்பிச்சதே வேற. "தண்ணியை விடு தம்பி. ஒரு வூட்டுப் பட்டுப்புடவை ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது. மூட்டையோட போயிடுச்சு. அதுக்குக் கடன் வாங்கிக் குடுத்து, அந்தக் கடனைக் கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு"ன்னாங்க.

சொல்லிக்கிட்டே கரியை ஊதி, பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். கழிச்சுக்கிட்ட அந்தக் காசு எவ்வளவுன்னு கூட எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து அண்ணாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "கடன் எவ்வளவுடா? வட்டி எத்தனை? புடவைக்காரங்க கேட்டு வாங்கினாங்களா, இவங்களாக் கொடுத்தாங்களா?"ன்னார்.

ஒண்ணுக்கும் எனக்குப் பதில் தெரியல. இந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போறேன்.